கார்னர் சீட்டில் அண்ணனும் நானும்

சினிமா தியேட்டரில் கார்னர் சீட் கேட்டு வாங்குகிறவர்கள் யார் என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரிக்கு மட்டம் போட்டவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், கல்யாணத்துக்கு வீட்டில் இன்னும் வாய் திறக்காதவர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கும் என் அண்ணனுக்கும் பதினோரு வருடமாக இடம் உண்டு. எனக்கு ஐம்பத்தொரு வயது, அவருக்கு ஐம்பத்தாறு. ராயப்பேட்டை மாலில் இருக்கும் தியேட்டரில் கடைசி வரிசை, இடது ஓரம். சுவரை ஒட்டி அவர், பக்கத்தில் நான். படம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அவர் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பேன். ஒருமுறை எங்களுக்கு முன்னால் இருந்த வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தோழியிடம், "இந்த வயசுல பாருடி, எவ்ளோ க்யூட்" என்றாள். நான் குனிந்து, "இவர் என் கூடப்பிறந்த அண்ணன்மா" என்றேன். அதற்குப் பிறகு இடைவேளைவரை அவள் தலை அசையவில்லை.

அண்ணனுக்குக் கண் தெரியாது. நாங்கள் பார்ப்பதோ சூப்பர் ஹீரோ படம். வேறு படம் பார்க்க மாட்டோம்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பதினோரு வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "டீச்சர், ஜட்டியை மேல போட்டுக்கிட்டுப் பறக்கிறவங்க படத்துக்கா லீவு?" என்பார்கள். நான் கணக்கு டீச்சர். யாருக்கும் கடன் வைக்காமல் பதில் சொல்வேன். மனிதன் பறப்பது பொய்தான். ஆனால் தன்னைவிடப் பலசாலி ஒருவன் எதிரே வரும்போது ஓடாமல் நிற்பது பொய்யா? நண்பனுக்காக ஊரையே பகைத்துக்கொள்வது பொய்யா? குடும்பச் சண்டையை நான்கு வருடம் இழுக்கும் சீரியலைப் பார்த்து அழுகிறவர்கள் என் கண்ணீருக்கு விளக்கம் கேட்க வேண்டாம். என் வீட்டுக்காரர் மட்டும்தான் ஒன்றும் கேட்க மாட்டார். அவர் எந்தப் படமானாலும் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார்.

அண்ணன் பிறவியிலேயே இப்படி இல்லை. ரயில்வே முன்பதிவு கவுன்டரில் உட்கார்ந்து, பொடி எழுத்தில் கிறுக்கிய படிவங்களையெல்லாம் கண்ணாடி போடாமல் படித்தவர். நாற்பது வயதுக்கு மேல் கண்ணில் அழுத்தம் கூடியது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்து, நாற்பத்தைந்தில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற அளவு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் கீழே அவர், மாடியில் நாங்கள்.

எங்கள் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவுக்கு அவர்தான் கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வாசிப்பார். கண் போன பிறகும் அதை அவர் விடவில்லை. விட்டது சினிமாவையும் படக்கதைகளையும்தான். சின்ன வயதில் லஸ் முனை நடைபாதைக் கடைகளில் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்கி இரண்டு தகரப்பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தார். நான் தொட்டால் கையில் அடிப்பார். ஒருநாள் அந்த இரண்டு பெட்டிகளையும் மாடிக்குத் தூக்கிவரச் செய்து, என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே இதெல்லாம் உனக்குத்தான், பாப்பா. எனக்கு ரேடியோ போதும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. டாக்டர் மேலா, கடவுள் மேலா, அவர் மேலா? அந்த வாரமே ஒரு பெரிய படம் வந்திருந்தது. சனிக்கிழமை காலைக் காட்சிக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "நான் என்னத்தப் பார்க்கப் போறேன்?" என்று ஆட்டோவில் முழுக்கத் திட்டினார். "நான் பார்க்கிறேன், நீங்க கேளுங்க. தமிழ்ல டப் பண்ணது. பேசறது புரியும். பேசாத இடத்தை நான் சொல்றேன்" என்றேன்.

அப்படிச் சொல்வது சுலபம். சூப்பர் ஹீரோ படத்தில் பேசாத இடம்தான் அதிகம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் சண்டையில் நான் சொன்னது இவ்வளவுதான்: "அடிக்கிறான்... இவனும் அடிக்கிறான்... ஐயோ... சூப்பர்ண்ணா!" அண்ணன் என் முழங்கையைத் தட்டினார். "சூப்பரா இல்லையான்னு நான் சொல்லிக்கிறேன். யாரு, எங்க, என்ன பண்றான்? அதை மட்டும் சொல்லு."

யார், எங்கே, என்ன. கணக்கு டீச்சருக்கு அந்த மூன்றையும் சொல்லித்தர வேண்டியதாயிற்று. யார் என்பது பழகிவிட்டது. வெளிநாட்டுப் பெயர்கள் நீளமாக இருந்ததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எங்கே என்பதில்தான் தடுமாறினேன். இடது, வலது என்றால் யாருடைய இடது, யாருடைய வலது? கடைசியில் எங்கள் வீட்டு கேட்டிலேயே விடை இருந்தது. கேட்டைத் திறந்து வடக்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் லஸ். திரையும் அப்படித்தான் என்று முடிவு செய்தோம். அன்றிலிருந்து வேற்றுக்கிரகத்துப் படைகள் கடல் பக்கமிருந்து வந்தன, நம் ஆட்கள் லஸ் பக்கமிருந்து புறப்பட்டார்கள். அளவுக்கும் நம் ஊர்தான். "நம்ம கோயில் கோபுரம் உசரம்ணா." "மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு அகலத்துக்கு ஒரு பள்ளம்." "ரோபோவெல்லாம் வருது, தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி." அண்டசராசரத்தில் எங்கள் மயிலாப்பூர்ப் பக்கத்தால் அளக்க முடியாத இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெருமையாகவே சொல்கிறேன், எனக்கு இது நன்றாக வந்தது. எழும்புகிறான், பாய்கிறான், மிதக்கிறான், சறுக்குகிறான் என்று பறப்பதற்கே எத்தனை சொற்கள்! ஒரு அடிக்கு ஒரு சொல், அடி விழும் சத்தத்துக்கு முன்னால் அந்தச் சொல் காதுக்குள் போயிருக்க வேண்டும். அப்போதுதான் தியேட்டரோடு சேர்ந்து அவரும் கத்த முடியும். இரண்டாவது வருடத்தில் அதைப் பிடித்துவிட்டேன். முதல் நாள் முதல் காட்சியில், முந்நூறு பேரோடு அதே நொடியில் அண்ணனும் எழுந்து நின்று விசில் அடித்தார். அந்த விசிலைவிடவா எனக்கு நல்லாசிரியர் விருது பெரிது?

பெயர்கள் ஓடி முடிகிறவரை நாங்கள் எழ மாட்டோம். கடைசியில் அடுத்த படத்துக்கான சின்னக் காட்சி ஒன்று வைத்திருப்பார்கள். தியேட்டரில் பெருக்குகிற அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "இன்னாம்மா, அல்லாரும் போய்க்கினு கீறாங்கோ, நீங்க ரெண்டு பேரும் குந்திக்கினு கீறீங்கோ?" என்பார். இரண்டு மூன்று படத்துக்குப் பிறகு அவரும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் அருகில் நின்று பார்க்க ஆரம்பித்தார். "இப்ப வந்தானே, அவன் நல்லவனா கெட்டவனா நைனா?" என்று அண்ணனிடம்தான் கேட்பார். படம் பார்த்தவர் அவர்தான் என்பதில் அந்த அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார் அண்ணன். "பொய் சொல்லாத, பாப்பா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நீ ஒரு பொய் சொன்னா, அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் எனக்குச் சந்தேகமாயிடும். அப்புறம் நான் வரமாட்டேன்."

நாங்கள் ஒன்று விடாமல் பார்த்துவந்த சூப்பர் ஹீரோ படத் தொடரில் அண்ணனுக்குப் பிடித்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைக் கயித்துக்காரர் என்போம். மற்றவர்களுக்கு நெருப்பு, மின்னல், இரும்புத்தோல் என்று ஆளுக்கொரு வரம். இவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு கொக்கி, ஒரு கயிறு, வயதான முழங்கால். "சக்தி இருக்கிறவன் சண்டைக்குப் போறதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்லாம அந்தக் கூட்டத்துல போய் நிக்கறான் பாரு, அவன்தான் ஹீரோ" என்பார் அண்ணன். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தொடரின் கடைசிப் படம் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் அண்ணன் வழக்கமான கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இடதும் முடிஞ்சுதாம்" என்றார். ஒரு மாதமாகவே ஜன்னல் எங்கே என்று தெரியவில்லையாம், சொல்லவில்லை. அதுவரை திரையில் ஏதாவது வெடித்தால், "வெள்ளையா அடிக்குது பாப்பா" என்று என் கையை அழுத்துவார். இனி அதுவும் கிடையாது. "படத்துக்குப் போலாமா, வேணாமா?" என்று கேட்டேன். "போகாம? கயித்துக்காரர் என்ன ஆனார்னு தெரிய வேணாமா?" என்றார்.

அன்று தியேட்டர் அதிர்ந்தது. நான் என் உச்சத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது தற்பெருமை இல்லை. ஒரு சொல் பிசகவில்லை. கடைசிச் சண்டையில் பாலம் உடைகிறது. கயித்துக்காரரின் கயிற்றில் கீழே ஒரு பெண் தொங்குகிறாள். இருவர் பாரத்தையும் கொக்கி தாங்காது. அவர் மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார், கயிற்றை அந்தப் பெண்ணின் இடுப்பில் சுற்றிவிட்டு, பிடித்திருந்த கையை விடுகிறார். வசனமே கிடையாது.

நான் பார்த்தேன். என் வாய் திறந்தது. பக்கத்தில் அண்ணனின் முகம், இனி எந்த வெளிச்சமும் போய்ச் சேராத அந்த முகம், என் பக்கம் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தது.

"கை நழுவிடுச்சுண்ணா," என்றேன். "கடல் பக்கம் ஒரு திண்டு இருக்கு, அதைப் புடிச்சிட்டார். தப்பிச்சிட்டார்."

தியேட்டர் வாயே திறக்கவில்லை. அதுதான் நான் யோசிக்காதது. நம் ஊர்க் கூட்டம் ஹீரோ தப்பித்தால் சும்மா இருக்குமா? கூரை பிய்ந்துவிடாதா? பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட இல்லை. இரண்டு வரிசை முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரையில் எல்லோரும் கறுப்பு உடையில் ஒரு கடற்கரையில் நின்றார்கள். யாரும் பேசவில்லை, இசை மட்டும். நான், "எல்லாரும் ஒண்ணா நிக்கறாங்க, ஜெயிச்சதைக் கொண்டாடறாங்க" என்று ஆரம்பித்தேன்.

என் கைமேல் இருந்த தன் கையை அண்ணன் எடுத்துக்கொண்டார். "பாப்பா, முப்பத்தஞ்சு வருஷமா அடக்கப் பூசைக்கு வாசிக்கிறேன். பெட்டியைத் தூக்கும்போது எந்த ஸ்ருதியில வாசிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

உலகத்தில் வேறு யாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும். சாந்தோமில் செத்த பாதிப் பேரை இசையோடு வழியனுப்பியவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

அவர் எழுந்துவிட்டார். பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பெயர்கள் ஓடுவதற்கு முன்னால், படம் முடிவதற்கும் முன்னால், சுவரைத் தடவிக்கொண்டு படியில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். வீட்டு கேட்டில் இறங்கியதும்தான் சொன்னார். "இன்னிவரைக்கும் நான் படம் பார்த்துட்டு இருந்தேன். இன்னிக்கு நீ என்னைக் குருடனாக்கிட்ட."

மாடிக்கு வந்து நான் அழுதேன் என்று நினைப்பீர்கள். இல்லை, முதலில் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவினேன். நான் என்ன கெட்ட எண்ணத்திலா சொன்னேன்? பதினோரு வருடம் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் கணக்கில் இல்லையா? இரண்டு நாள் இப்படி எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பெண் விடை தெரியாமல் ஏதோ எண்ணை எழுதி வைத்திருந்தாள். "தெரியலன்னா காலியா விடு, பொய்யா எழுதாத" என்று வழக்கம்போலச் சொன்னேன். சொல்லி முடித்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். அதே கடைசி வரிசை. சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. பாலம் உடைந்ததிலிருந்து ஒரு நொடி விடாமல், கண்ணைத் துடைக்காமல் பார்த்தேன். பெயர்கள் ஓடும்போது பெருக்குகிற அம்மா வந்து, "எங்க, உன் அண்ணன் வரலியா?" என்றார்.

"உடம்பு சரியில்லம்மா" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! "இல்லம்மா. எம்மேல கோவம்."

"கோவம்னா போய்ப் பேசு. இங்க குந்திக்கினு இன்னா பண்ற?" என்றார் அவர். கடைசிக் காட்சி வந்ததும் இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே போனேன். அண்ணன் கீபோர்டை மூடி வைத்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது வராது. அவருக்கு வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தியேட்டரில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தேன்.

"பாலம் நடுவுல உடையுது. கயித்துக்காரர் லஸ் பக்கம் தொங்கறார். அந்தப் பொண்ணு அவருக்குக் கீழே. கொக்கி வளையுது. அவர் மேலே பார்க்கறார். கீழே பார்க்கறார். கயித்தை அவ இடுப்புல சுத்தறார், ரெண்டு சுத்து. கையை விடறார். ஒவ்வொரு விரலா விடறார். விழறார். நம்ம கலங்கரை விளக்கத்தைவிட உசரம். புடிச்சுக்க ஒண்ணுமே இல்லண்ணா. செத்துட்டார்."

அண்ணன் கேட்டார், "எந்தக் கை?"

"இடது."

"ரெண்டாவது படத்துல அடிபட்ட கை." அவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "அந்தக் கையாலதான் அவ்ளோ நேரம் புடிச்சிருந்தானா? சரியா எடுத்திருக்கான் படத்தை. ரொம்ப சரியா எடுத்திருக்கான்." கொஞ்சம் கழித்து, "அடக்கம்?" என்றார். கடற்கரை, கறுப்பு உடை, யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், எல்லாம் சொன்னேன். "கடைசில பேரெல்லாம் போனப்புறம்?" என்றார். கடைசிக் காட்சியில் கரை ஒதுங்கிய கயிறு, அதை எடுக்கும் ஒரு கை. "யாரு கை?" என்றார். "தெரியலண்ணா. முகத்தைக் காட்டல" என்றேன்.

"தெரியலன்னா தெரியல. அவ்ளோதான், பாப்பா" என்றார் அண்ணன். அதற்கு மேல் அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

போன மாதம் புதுத் தொடரின் முதல் படம் வந்தது. சனிக்கிழமை காலைக் காட்சி. சுவரோரம் அவர், பக்கத்தில் நான். பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதிய முகங்களுக்கு இடைவேளைக்குள் பெயர் வைத்து முடித்துவிட்டோம். இரண்டாம் பாதியில் ஒரு சுரங்கத்துக்குள் எல்லோரும் இறங்குகிறார்கள். திடீரென்று திரை முழுக்க இருண்டது. சத்தம் இல்லை, மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. நான் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணும் தெரியலண்ணா. லஸ் பக்கமும் இல்ல, கடல் பக்கமும் இல்ல. முழு இருட்டு."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். பேசாம பாரு."